கோஜா இஸ்ரேல் சர்ஹத்: முகலாய அரசவையில் கம்பெனியின் ஆர்மீனியத் தூதர்

கோஜா இஸ்ரேல் சர்ஹத் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வங்காளத்தில் வாழ்ந்த ஆர்மீனிய வணிகர். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக முகலாய இளவரசர் அசீம்-உஷ்-ஷானிடமும், பின்னர் பேரரசர் பரூக்சியாரிடமும் தூது சென்றவர். கல்கத்தா நகரம் எழுந்த மூன்று கிராமங்கள் கம்பெனியின் கைக்கு வந்ததிலும், 1717ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஃபர்மான் எனும் பேரரசாணை கிடைத்ததிலும் இவருக்குப் பங்குண்டு. திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஐந்து ஊர்கள் சென்னைப் பட்டினத்தோடு சேர்ந்த கதையிலும் அந்த ஆணை இடம்பெறுகிறது. ஆனாலும் பாடநூல்களில் அந்த ஆணையோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் வில்லியம் ஹாமில்டன் என்ற அறுவை மருத்துவருடையது. சர்ஹத்தின் பெயர் பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது.

நாடில்லாத வணிகர்கள்

ஆர்மீனியா அக்காலத்தில் துருக்கிய உதுமானியப் பேரரசுக்கும் பாரசீக சஃபாவிப் பேரரசுக்கும் இடையே பங்கிடப்பட்டுக் கிடந்தது. பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் 1604-05 ஆண்டுகளில் உதுமானியரோடு நடந்த போரின்போது, ஆராஸ் ஆற்றங்கரையில் இருந்த ஜூல்ஃபா நகரத்து ஆர்மீனியரைக் கூட்டங்கூட்டமாகப் பெயர்த்துக் கொண்டுவந்து தம் தலைநகரான இஸ்ஃபகானுக்கு அருகே குடியமர்த்தினார். அந்தக் குடியிருப்பே புது ஜூல்ஃபா. வலுக்கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட இம்மக்கள் இரண்டு தலைமுறைக்குள் பாரசீகப் பட்டு வணிகத்தின் முதுகெலும்பாகிவிட்டனர். ஆம்ஸ்டர்டாம், வெனிஸ், மாஸ்கோ, சூரத், ஆக்ரா, ஹூக்ளி, சென்னை, மணிலா என்று இவர்களுடைய கணக்குப்புத்தகங்கள் போகாத ஊரில்லை. ஹொவ்ஹன்னஸ் ஜூகாயெத்சி என்ற ஜூல்ஃபா வணிகர் 1682 முதல் 1693 வரை எழுதிவைத்த கணக்கேட்டில் சூரத்தும் ஆக்ராவும் மட்டுமல்ல, திபெத்தின் லாசா நகரமும் வருகிறது.

இந்த வணிகருக்கு மூன்று வசதிகள் இருந்தன. முகலாய அரசவையின் மொழியான பாரசீகத்தை அவர்கள் தாய்மொழிக்கு அடுத்தபடியாகப் பேசினார்கள். எந்தப் பெருநகரத்துக்குப் போனாலும் கடன் கொடுக்கவும் செய்தி சொல்லவும் அங்கே ஓர் உறவினர் இருந்தார். இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: அவர்களுக்குப் பின்னால் ஓர் அரசோ கப்பற்படையோ இல்லை. ஆர்மீனியரை அரசவைக்குள் விட்டால் நாளை அவர்கள் கோட்டை கட்டுவார்கள் என்று எந்த நவாபும் அஞ்ச வேண்டியிருக்கவில்லை. அக்பர் அரண்மனையில் வளர்ந்த மிர்சா சுல்கர்னைன் என்ற ஆர்மீனியர் சாம்பர் உப்பளப் பகுதியின் நிர்வாகியாக இருந்ததை நினைத்தால், முகலாயருக்கு இவர்கள் புதியவர்கள் அல்லர் என்பதும் விளங்கும்.

இதை நன்கு புரிந்துகொண்டது லண்டனில் இருந்த கம்பெனி. 1688 ஜூன் 22 அன்று, சர் ஜோசையா சைல்ட் கம்பெனியை வழிநடத்திய காலத்தில், கோஜா பானூஸ் கலந்தர் என்ற ஆர்மீனியப் பெருவணிகரோடு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. கம்பெனிக் குடியிருப்புகளில் ஆர்மீனியர் ஆங்கிலேயருக்கு இணையான உரிமைகளோடு வாழலாம், கம்பெனிக் கப்பல்களில் சரக்கு ஏற்றலாம். நாற்பது ஆர்மீனியருக்கு மேல் குடியேறும் ஊரில் தேவாலயத்துக்கு நிலம் தரப்படும். அங்கு வரும் குருவுக்கு ஏழாண்டுகள் ஆண்டுக்கு ஐம்பது பவுன் வழங்கப்படும். பாரசீக நிலவழிப் பாதையில் போய்க்கொண்டிருந்த பட்டு வணிகத்தைத் தன் கப்பல்களுக்குத் திருப்புவதே கம்பெனியின் நோக்கம். இந்த பானூஸ் கலந்தரின் உறவினர்தான் சர்ஹத். மருமகன் முறை என்று வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர். 'கோஜா' என்பது மதிப்புக்குரிய வணிகரைக் குறிக்கும் பட்டம்.

மூன்று கிராமங்கள்

ஒப்பந்தம் போட்ட அதே காலத்தில்தான் கம்பெனி ஔரங்கசீப்போடு போர் தொடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டிருந்தது. 1686இல் தொடங்கிய அந்தப் போர் மன்னிப்புக் கேட்டு அபராதம் கட்டுவதில் முடிந்தது. படைபலத்தால் முகலாயரிடம் எதையும் பெற முடியாது என்பது அதன்பின் சில பத்தாண்டுகளுக்குக் கம்பெனி மறக்காத பாடம். 1690இல் ஜாப் சார்னாக் ஹூக்ளி ஆற்றங்கரையில் சுதாநுட்டியில் மீண்டும் கொட்டகை போட்டபோது அந்த மண்ணின்மீது கம்பெனிக்கு எந்தச் சட்ட உரிமையும் இல்லை.

1697இல் ஔரங்கசீப்பின் பேரன் அசீம்-உஷ்-ஷான் வங்காளத்தின் சுபேதாராக வந்தார். சோபா சிங் கலகத்தை அடக்க வந்த அவருடைய முகாம் பர்த்வானில் இருந்தது. கம்பெனி அங்கே அனுப்பிய தூதர்களில் ஒருவர் சர்ஹத். இளவரசரின் மகன் பரூக்சியார் அப்போது பதின்ம வயதுப் பையன். சர்ஹத் கொண்டுபோன ஐரோப்பிய விளையாட்டுப் பொருள்களில் அவன் மனம் பறிகொடுத்தான் என்பது கம்பெனி வட்டாரத்தில் நெடுநாள் பேசப்பட்ட செய்தி. 1698 ஜூலையில், 16,000 ரூபாய்க்கு, சுதாநுட்டி, கோவிந்தப்பூர், காலிகட்டா ஆகிய மூன்று கிராமங்களின் வரி வசூலிக்கும் உரிமையை அங்கிருந்த ஜமீன்தார்களிடமிருந்து வாங்கிக்கொள்ள இளவரசரின் அனுமதி கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரில் ஜமீன்தார்களுக்கு 1,300 ரூபாய் கொடுத்துப் பத்திரம் முடிந்தது. மண்ணுக்குரியவர்களுக்குக் கிடைத்ததைப்போலப் பன்னிரண்டு மடங்கு அனுமதி தந்தவருக்குப் போயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். முகலாய ஆட்சியின் கடைசிக் காலத்து அரசியலை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

இதே ஆண்டுகளில் நடந்த இன்னொரு தூதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் வில்லியத்தின் தூதராக சர் வில்லியம் நாரிஸ் 1699இல் மசூலிப்பட்டினத்தில் வந்திறங்கினார். பல்லக்கும் கொடியும் தாரையுமாக ஊர்வலம் போய் 1701இல் பன்ஹாலா முகாமில் ஔரங்கசீப்பைச் சந்தித்தார். கடற்கொள்ளையரை அடக்கப் பொறுப்பேற்க வேண்டும் என்ற நிபந்தனையில் பேச்சு முறிந்தது. ஒன்றும் பெறாமல் திரும்பியவர் 1702இல் கடல்வழியிலேயே இறந்தார். அரசரின் முத்திரையோடு வந்தவர் வெறுங்கையோடு போனார். பொம்மைகளோடு போன வணிகர் ஒரு பெருநகரத்துக்கான நிலத்தோடு திரும்பினார்.

தில்லிக்குச் சென்ற தூதுக்குழு

அசீம்-உஷ்-ஷான் வாரிசுப் போரில் மாண்டார். ஆனால் 1713 ஜனவரியில் அவருடைய மகன் பரூக்சியார், சையது சகோதரர்களின் படை உதவியோடு ஜஹாந்தர் ஷாவை வீழ்த்தித் தில்லி அரியணையில் அமர்ந்தார். பர்த்வான் முகாமில் பொம்மைகளோடு விளையாடிய பையன் இப்போது பேரரசர். கல்கத்தாக் கவுன்சிலுக்கு சர்ஹத்தின் நினைவு வந்ததில் வியப்பில்லை.

பேரரசர் கையால் ஒரே ஆணையில் எல்லா மாகாணங்களுக்குமான வணிக உரிமையைப் பெற வேண்டும் என்பது பழைய ஆசை. சென்னை ஆளுநர் தாமஸ் பிட் 1708 முதலே பகதூர் ஷாவின் அரண்மனை அதிகாரி ஜியாவுதீன் கான் வழியாக அதற்கு முயன்றார். பகதூர் ஷா 1712இல் இறந்ததால் அது நின்றுபோனது. இம்முறை ஜான் சர்மன் தலைவராகவும், சர்ஹத் இரண்டாமவராகவும், எட்வர்ட் ஸ்டீஃபன்சன் மூன்றாமவராகவும் குழு அமைந்தது. ஹ்யூ பார்க்கர் செயலர், ஹாமில்டன் மருத்துவர். அரசவையையும் அதன் மொழியையும் பேரரசரையும் அறிந்தவர் சர்ஹத். தலைமை மட்டும் ஆங்கிலேயருக்கு. சர்ஹத்துக்கு, வெற்றி கிடைத்தால் பெருந்தொகை வெகுமதி என்று பேசிக்கொள்ளப்பட்டது. வென்றால் கூலி என்ற இந்த ஏற்பாடு, அவர் கம்பெனியின் ஆளா அல்லது கம்பெனி அமர்த்திய தரகரா என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே மூடிவைத்திருந்தது.

குழு கொண்டுபோன பரிசுகளின் மதிப்பு சுமார் 30,000 பவுன். தில்லிக்கு முன்கூட்டியே எழுதிய கடிதங்களில் சர்ஹத் அதை ஒரு லட்சம் பவுன் என்று ஊதிப் பெருக்கினார் என்கிறார் கம்பெனியின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம். இதைப் பொய் என்று சொல்வதைவிட வழித்துணைச் செலவு என்று சொல்லலாம். அந்தச் செய்தி பரவியதால் வழியிலிருந்த மாகாண அதிகாரிகள் குழுவைக் காவலோடு அனுப்பிவைக்கும்படி ஆயிற்று. 1715 ஏப்ரலில் பாட்னாவிலிருந்து புறப்பட்ட குழு ஜூலை 7 அன்று தில்லிக்குள் நுழைந்தது. முதல் சந்திப்பில் 1,001 பொன் மொகராக்கள், மணிகள் பதித்த மேசைக் கடிகாரம், பெரிய அம்பர் கட்டி, ஓர் உலகப்படம் முதலியன பேரரசர் முன் வைக்கப்பட்டன. ஒற்றைக் கொம்பு விலங்கின் கொம்பு என்று சொல்லி ஒன்றும் அதில் இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் காத்திருப்பு. அரசவை இரண்டாகப் பிளந்து கிடந்தது. அமைச்சர் பதவியில் இருந்தவர் சையது சகோதரர்களில் மூத்தவரான அப்துல்லா கான். பேரரசரின் நம்பிக்கைக்குரியவரோ கான் தௌரான். குழு கான் தௌரானைப் பிடித்துக்கொண்டது. நட்பு வகையில் சரி. ஆனால் ஆணையில் முத்திரை விழ வேண்டுமானால் கோப்பு அமைச்சர் வழியாகத்தான் போக வேண்டும். எந்த அலுவலகத்திலும் இன்றுவரை நடப்பதுதான்.

ஹாமில்டனின் கதை இங்கே வருகிறது. 1715இன் இறுதிப் பகுதியில் பரூக்சியாருக்கு அரையில் கட்டி வந்து, ஜோத்பூர் மன்னர் அஜித் சிங்கின் மகளோடு நடக்கவிருந்த திருமணம் தள்ளிப்போனது. ஹாமில்டன் குணப்படுத்தினார். டிசம்பரில் திருமணம் நடந்தது. யானை, குதிரை, 5,000 ரூபாய், இரண்டு வைர மோதிரங்கள், பொன்னால் செய்த அவருடைய மருத்துவக் கருவிகளின் மாதிரிகள் எனப் பரிசுகள் குவிந்தன. 'எனக்கு ஒன்றும் வேண்டாம், என் கம்பெனிக்குச் சலுகை கொடுங்கள்' என்று அவர் கேட்டதாகவும் பேரரசர் உடனே ஆணை தந்ததாகவும் பின்னாளில் ஒரு கதை வளர்ந்தது. ஆண்டுகளை எண்ணிப் பார்த்தாலே இக்கதை நிற்காது. அறுவை மருத்துவம் முடிந்தது 1715இல். ஆணைகள் கைக்கு வந்தது 1717இல். இடைப்பட்ட காலத்தில் மனுக்கள் எழுதப்பட்டன, பாதி மறுக்கப்பட்டுத் திரும்பி வந்தன, மறுபடி எழுதப்பட்டன. கடைசியில் அசைத்தது அச்சம். கம்பெனி சூரத் வணிகக்கூடத்தைக் கைவிட்டு வெளியேறப் போகிறது, அதன்பின் ஆங்கிலக் கப்பல்கள் முகலாயக் கப்பல்களைச் சும்மா விடாது என்று சூரத்திலிருந்து ஹைதர் குலி கான் எழுதினார். அதன் பின்னரே கோப்பு நகர்ந்தது. ஹாமில்டனின் கத்தி நல்லெண்ணத்தை உண்டாக்கியது உண்மை. அந்த நல்லெண்ணத்தை மனுக்களாகவும் எழுத்தர்களுக்கான கையூட்டாகவும் பாரசீக வாசகங்களாகவும் மாற்றிய வேலை இருந்ததே, அதைக் கதைகள் பேசுவதில்லை.

ஆணையின் உள்ளடக்கம் இது: வங்காளத்தில் ஆண்டுக்கு 3,000 ரூபாய் செலுத்திவிட்டுச் சுங்கமின்றி வணிகம்; சூரத்தில் சுங்கத்துக்கு ஈடாக ஆண்டுக்கு 10,000 ரூபாய்; பம்பாயில் அச்சிட்ட கம்பெனி நாணயம் பேரரசு முழுவதும் செல்லும்; கல்கத்தாவைச் சுற்றி 38 கிராமங்களை வாங்க அனுமதி; கிருஷ்ணா கழிமுகத்தில் திவித் தீவு. சென்னைக்குப் பழைய வாடகையே தொடரும். தாவூத் கான் கொடுத்த ஐந்து ஊர்களும் உறுதியாயின.

1717 ஜூலையில் குழு தில்லியை விட்டுப் புறப்பட்டபோது சர்மனும் சர்ஹத்தும் மனக்கசப்பில் இருந்தனர். சர்மன் குழுவின் நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் சர்ஹத்தின்மீது ஐயமும் எரிச்சலும் தொடர்ந்து வருகின்றன. சர்ஹத் நாட்குறிப்பு எழுதி நமக்கு விட்டுப்போகவில்லை. ஆகவே ஒரு தரப்பின் புகாரைக் கொண்டே பின்வந்தோர் அவரை எடைபோட்டனர். சொந்தச் சரக்கு வணிகத்திலும் வெகுமதியிலும் அவருக்குக் கண் இருந்தது மெய்தான். குழுவின் ஆங்கிலேயர்கள் மட்டும் துறவிகளாகப் போகவில்லை. அக்காலக் கம்பெனி ஊழியர் எல்லாருமே தனி வணிகத்தால் பிழைத்தவர்கள்.

சென்னையில் ஆணையின் விளைவு

சென்னையின் ஐந்து ஊர்களின் கதை, ஆணைக்கும் அதிகாரத்துக்கும் உள்ள தொலைவைக் காட்டுகிறது. 1702இல் சென்னையை முற்றுகையிட்ட அதே நவாப் தாவூத் கான், பின்னர் தாமஸ் பிட்டின் விருந்துகளிலும் பரிசுகளிலும் மனம் குளிர்ந்து, 1708இல் அந்த ஊர்களை வழங்கினார். அடுத்து வந்த நவாப் சாதத்துல்லா கான் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டார். 1717இல் தில்லி ஆணையின் செய்தி வந்ததும் ஆளுநர் ஜோசப் காலெட் பீரங்கி முழக்கத்தோடு அதை அறிவித்து, ஊர்களைக் கைப்பற்ற ஆட்களை அனுப்பினார். நவாபின் தரப்பு விட்டுக்கொடுக்கவில்லை. அவ்வாண்டிலேயே திருவொற்றியூரில் சண்டை மூண்டு, கம்பெனிச் சிப்பாய்கள் ஊரை மீட்டுக்கொண்டனர். வங்காளத்தில் நிலைமை இன்னும் மோசம். முர்ஷித் குலி கான் பேரரசரின் ஆணையைப் பணிவோடு ஏற்றுக்கொண்டு, 38 கிராமங்களை எவரும் விற்கக் கூடாது என்று ஜமீன்தார்களுக்கு மறைமுகமாகச் சொல்லிவிட்டார். ஆணை தந்த பரூக்சியாரையோ 1719இல் சையது சகோதரர்களே அரியணையிலிருந்து இறக்கி, கண்களைப் பறித்து, கொன்றனர்.

ஆனாலும் எழுத்து நிலைத்தது. கம்பெனி ஊழியர்கள் 'தஸ்தக்' எனும் சுங்கவிலக்குச் சீட்டைத் தங்கள் சொந்தச் சரக்குகளுக்கும் பயன்படுத்தினர், மற்றவர்களுக்கும் விற்றனர். சிராஜ்-உத்-தௌலாவின் மனக்குறைகளில் இதுவும் ஒன்று. 1757இல் பிளாசி வந்தது. 1763இல் மீர் காசிம், ஆங்கிலேயருக்கு மட்டும் சலுகை இருக்கக் கூடாதென்று எல்லாருக்குமே சுங்கத்தை நீக்கிவிட, அதுவே போருக்குக் காரணமாயிற்று. அந்தப் போரில் மீர் காசிமின் படைத்தலைவர் குர்கின் கான் ஓர் ஆர்மீனியர். அவருடைய உடன்பிறந்தவர் கோஜா பெட்ரஸ் அராத்தூன் கல்கத்தாவில் ஆங்கிலேயரின் தூதராக, முன்பு மீர் ஜாஃபரோடு நடந்த இரகசியப் பேச்சுகளில் இடைநின்றவர். அண்ணன் தம்பி இருவரும் இரு பக்கத்தில். தமக்கென்று ஒரு நாடு இல்லாதவர்கள் பிறர் நாடுகளுக்காகப் பேசும்போது நேரக்கூடியதே இது.

சென்னை ஆர்மீனியர்

சர்ஹத்தைப் போன்ற இடைநிலை மனிதர்கள் சென்னையிலும் இருந்தனர். கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மீது மர்மலாங் பாலத்தைத் தம் செலவில் கட்டினார். பரங்கிமலைப் படிகளும் அவருடைய கொடை. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது, புதுச்சேரிக்கு வந்து குடியேறும்படி டியூப்ளே அழைத்தும் அவர் மறுத்தார், சொத்து பறிபோயிற்று. 1751இல் இறந்த அவர் வேப்பேரியில் அடக்கமானார். அவருடைய பாலம் இருந்த இடத்தில் இப்போது மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. பாரசீகம், ஆர்மீனியம், இலத்தீன் மூன்றிலும் எழுதிய அவருடைய கல்வெட்டு அருகில் எஞ்சியது.

ஜார்ஜ் டவுனில் 1772ஆம் ஆண்டு ஆர்மீனியத் தேவாலயம் இருக்கும் தெருவுக்கு ஆங்கிலத்தில் ஆர்மீனியன் தெரு என்று பெயர். மக்கள் வாயில் அது 'அரண்மனைக்காரன் தெரு' ஆகிவிட்டது. 'அர்மேனியக்காரன்' மருவி அரண்மனைக்காரனாக நின்றது. அங்கே எந்த அரண்மனையும் இருந்ததில்லை. அதே 1772இல் ஷாஹாமிர் ஷாஹாமிரியன் குடும்பத்தார் சென்னையில் ஆர்மீனிய அச்சகம் தொடங்கி, வருங்கால ஆர்மீனியக் குடியரசுக்கு ஒரு சட்டவரைவையே அச்சிட்டனர். உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தராரை' 1794இல் ஹாருத்யூன் ஷ்மாவோனியன் வெளியிட்டதும் இங்கேதான். பிறருக்காக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த சமூகம், இந்த ஊரில் தனக்கான அரசியலை எழுதிப் பார்த்தது.

பின்னர் வந்தவர்கள்

வேறு பேரரசுகளிலும் ஆர்மீனியர் உயர்ந்த பதவிகளில் இருந்தனர். ரஷ்யாவில் லோரிஸ்-மெலிகோவ் 1880இல் உள்துறை அமைச்சரானார். உதுமானிய வெளியுறவு அமைச்சகத்தில் சட்ட ஆலோசகராக நெடுங்காலம் பணியாற்றி, அப்பேரரசு செய்த உடன்படிக்கைகளை நான்கு தொகுதிகளாகத் தொகுத்து வெளியிட்ட கேப்ரியல் நொராதுங்கியான், 1912 ஜூலையில் வெளியுறவு அமைச்சரே ஆனார். பால்கன் போரின் நடுவே 1913 ஜனவரியில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்போடு பதவி போயிற்று. பிற்காலத்தில் பிரான்சில் தங்கி, லோசான் மாநாட்டின்போது தம் மக்களுக்காக வாதாடும் குழுவில் இருந்தார். சர்ஹத்துக்கு அப்படி ஒரு மாநாடு வாய்க்கவில்லை.

இந்தியாவில் அவர் செய்த வகைத் தூது சில பத்தாண்டுகளுக்குள் தேவையற்றுப் போயிற்று. 1698இல் மூன்று கிராமங்களின் வரியுரிமைக்காகக் கம்பெனி ஓர் இளவரசர் கூடாரத்தின் வாசலில் நின்றது. 1792இல் சீரங்கப்பட்டணத்தில், திப்பு சுல்தானிடமிருந்து மலபாரையும் திண்டுக்கல்லையும், இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் பெரும்பாகம் அடங்கிய பாராமகாலையும் ஓர் உடன்படிக்கையில் எழுதி வாங்கியது. நிபந்தனைகளைச் சொன்னவர் காரன்வாலிஸ். பிணையாகத் திப்புவின் இரு மகன்கள் கூடாரத்துக்கு வந்தனர். பாராமகாலை நிர்வகிக்க அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ் தாமஸ் மன்றோவும் அனுப்பப்பட்டனர். இருவரும் கம்பெனியின் படை அதிகாரிகள். மன்றோ பாரசீகமும் பயின்றிருந்தார்.